செர்னோபில்: கதிர்வீச்சை 'சாப்பிடும்' பூஞ்சை, கறுத்த தவளை, நீல நாய்... எது உண்மை, எது கதை?

2025 அக்டோபரில் ஒரு வீடியோ உலகம் முழுக்க வைரலானது. உக்ரைனின் செர்னோபில் பகுதியில் சுற்றித் திரியும் தெருநாய்கள் சில, நீலச் சாயத்தில் முக்கி எடுத்தது போல நீல நிறத்தில் இருந்தன. "கதிர்வீச்சால் நாய்களே உருமாறிவிட்டன" என்று கமெண்ட்டுகள் குவிந்தன.

உண்மை அவ்வளவு பரபரப்பானது இல்லை. அங்குள்ள நாய்களைப் பராமரிக்கும் குழுவினர் சொன்னது இதுதான்: நாய்கள் ஏதோ ஒரு ரசாயனத்தில் புரண்டிருக்கின்றன. அது தற்காலிகக் கழிப்பறையில் இருந்து கசிந்த திரவமாக இருக்கலாம். கதிர்வீச்சுக்கும் அந்த நீலத்துக்கும் தொடர்பில்லை.

ஆனால் அதே செர்னோபிலில் கதிர்வீச்சை நோக்கி வளரும் கறுப்புப் பூஞ்சை இருக்கிறது. பச்சையாக இருக்க வேண்டிய தவளை கறுப்பாக இருக்கிறது. மனிதர்கள் காலி செய்த ஊரில் ஓநாய்கள் பெருகியிருக்கின்றன. இவை வதந்தி அல்ல, ஆய்விதழ்களில் வெளியானவை. அப்படியென்றால் உயிரினங்கள் நிஜமாகவே கதிர்வீச்சுக்குப் பழகிவிட்டனவா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

செர்னோபிலில் என்ன நடந்தது?

1986 ஏப்ரல் 26, அதிகாலை 1.23 மணி. அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த உக்ரைனில், செர்னோபில் அணுமின் நிலையத்தின் 4வது உலை ஒரு சோதனையின்போது வெடித்தது. உலை பல நாட்கள் எரிந்தது. கதிரியக்கப் பொருட்கள் காற்றில் கலந்து ஐரோப்பாவின் பல நாடுகளில் படிந்தன.

மறுநாள் பக்கத்து நகரமான பிரிப்யாட்டில் இருந்து சுமார் 49,000 பேர் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். சில நாட்களில் திரும்பிவிடலாம் என்று நினைத்துத்தான் கிளம்பினார்கள். யாரும் திரும்பவில்லை. அந்த ஆண்டில் மட்டும் வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 1,16,000 பேர். செல்ல நாய்களை உடன் கொண்டுபோக அனுமதி இல்லை. அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

உலையைச் சுற்றி 30 கிலோமீட்டர் தூரம் தடை செய்யப்பட்ட பகுதியானது. இப்போது உக்ரைன் பக்கம் சுமார் 2,600 சதுர கிலோமீட்டரும், எல்லைக்கு அந்தப் பக்கம் பெலாரஸில் சுமார் 2,160 சதுர கிலோமீட்டரும் மனிதக் குடியிருப்பு கிட்டத்தட்ட இல்லாத நிலம்.

முதல் அடி மரங்களுக்கு. உலைக்கு அருகில் இருந்த பைன் காடு சில வாரங்களிலேயே பட்டுப்போய், ஊசி இலைகள் செம்பழுப்பாக மாறின. அதனால் அந்த இடத்துக்கு 'செங்காடு' என்றே பெயர் வந்தது. செத்த மரங்களை இயந்திரம் வைத்துத் தள்ளிப் புதைத்தார்கள். பைன் மரத்துக்குக் கதிர்வீச்சைத் தாங்கும் சக்தி குறைவு. பிர்ச் மரத்துக்கு அதைவிட அதிகம். அதனால் பைன் செத்த இடத்தில் பிர்ச் முளைத்தது. எல்லா உயிருக்கும் கதிர்வீச்சு ஒரே மாதிரி இல்லை என்பதற்கு இதுவே முதல் சாட்சி.

கதிர்வீச்சு உடலுக்குள் என்ன செய்கிறது?

உயிரணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வை ஒரு நீளமான இரட்டைக் கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். கதிர்வீச்சு அதை நேரடியாக அறுக்கும். இன்னொரு வழியும் இருக்கிறது. உயிரணுவில் உள்ள தண்ணீரை உடைத்து, எதைத் தொட்டாலும் சேதப்படுத்தும் மூலக்கூறுகளை உருவாக்கும். அவை போய் டி.என்.ஏ.வைத் தாக்கும்.

உடம்பு சும்மா இருக்காது. அறுந்த கயிற்றை ஒட்டவைக்கும் புரதங்கள் எல்லா உயிரிலும் உண்டு. அவற்றின் வேகத்தைவிடச் சேதம் வேகமாக நடந்தால்தான் ஆபத்து. உயிரணு சாகலாம், அல்லது தப்பும் தவறுமாக ஒட்டிப் பின்னாளில் புற்றுநோயாகலாம்.

இதைச் சமாளிப்பதில் இயற்கையின் சாம்பியன் 'டெய்னோகாக்கஸ் ரேடியோடூரன்ஸ்' என்ற பாக்டீரியா. மனிதனுக்கு 5 கிரே அளவு கதிர்வீச்சு ஒரேயடியாக உடல் முழுக்கப் பட்டால் உயிர் பிழைப்பதே கஷ்டம். இந்த பாக்டீரியா 5,000 கிரேயைத் தாங்கும். 1956இல், கதிர்வீச்சால் கிருமி நீக்கம் செய்யப்பட்ட டின் இறைச்சி கெட்டுப்போனபோதுதான் இது கண்டுபிடிக்கப்பட்டது. துண்டு துண்டாக அறுந்த டி.என்.ஏ.வைக்கூடச் சில மணி நேரத்தில் மறுபடி சேர்த்துவிடும். அணு உலை கட்டப்படுவதற்கு எத்தனையோ காலம் முன்பே இதற்கு இந்தத் திறமை இருந்தது. வறட்சியும் டி.என்.ஏ.வை இதேபோல அறுக்கும். வறட்சியைத் தாங்கப் பழகியதுதான் கதிர்வீச்சுக்கும் உதவுகிறது என்பது விஞ்ஞானிகளின் முக்கியமான விளக்கம்.

'தகவமைப்பு' என்றால் என்ன? மூன்று கேள்விகள்

ஒரு தனி நாயோ தவளையோ வாழ்நாளில் கதிர்வீச்சுக்குப் 'பழகிக்கொள்வது' பரிணாமத் தகவமைப்பு ஆகாது. ஒரு கூட்டத்தில் இயல்பாகவே கொஞ்சம் தாங்கும் சக்தியோடு பிறந்தவை பிழைத்து, அவற்றின் குட்டிகள் பெருகி, தலைமுறைகள் போகப் போக அந்தக் கூட்டமே மாறுவதுதான் தகவமைப்பு.

எந்த வைரல் செய்தி வந்தாலும் இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

1. அந்த மாற்றம் அடுத்த தலைமுறைக்குப் போகிறதா?
2. அதற்குக் காரணம் கதிர்வீச்சுதானா, வேறு ஏதாவதா?
3. அந்த மாற்றத்தால் அந்த உயிருக்கு லாபம் உண்டா?

மூன்றுக்கும் 'ஆம்' என்றால்தான் அது கதிர்வீச்சுக்கான தகவமைப்பு.

உலைக்குள் முளைத்த கறுப்புப் பூஞ்சை

வெடித்த 4வது உலையை கான்கிரீட்டும் இரும்பும் கொண்டு மூடியிருந்தார்கள். உள்ளே மனிதர்கள் சற்று நேரம்கூட நிற்க முடியாத இடங்கள் இருந்தன. அங்கே சுவர்களில் கறுப்பாக ஏதோ படர்ந்திருந்தது. உக்ரைன் பூஞ்சையியல் விஞ்ஞானி நெல்லி ஸ்தானோவாவின் குழு 1997இல் அந்தக் கட்டடத்துக்குள் மாதிரிகள் எடுத்தது. 37 வகைப் பூஞ்சைகள் கிடைத்தன. அவற்றில் பல கறுப்பு நிறத்தவை.

கறுப்புக்குக் காரணம் மெலனின். நம் தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் அதே வகை நிறமி. வெயிலில் நின்றால் தோல் கறுப்பது ஏன்? புற ஊதாக் கதிர் உள்ளே போகாமல் மெலனின் தடுக்கிறது. பூஞ்சைக்கும் இது கவசம்தான்.

ஸ்தானோவா குழு 2004இல் இன்னொரு விஷயத்தை வெளியிட்டது. கதிரியக்கப் பொருளைப் பக்கத்தில் வைத்தால், சில பூஞ்சைகளின் இழைகள் அதை நோக்கி வளர்ந்தன. செடி வெளிச்சத்தைத் தேடி வளைவது போல! மற்ற உயிர்கள் சாகும் ஒன்றைத் தேடி ஒரு உயிர் ஏன் போக வேண்டும்?

2007இல் நியூயார்க்கில் உள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியில் எகதெரினா டடச்சோவா, அர்துரோ கசடேவால் குழுவினர் ஆய்வகத்தில் இதைச் சோதித்தார்கள். இயற்கையாக இருப்பதைவிடச் சுமார் 500 மடங்கு கதிர்வீச்சில், மெலனின் உள்ள பூஞ்சைகள் வேகமாக வளர்ந்தன. கதிர்வீச்சு பட்டபோது மெலனினின் மின்னணு இயல்பே மாறியது. எலக்ட்ரான்களைக் கடத்தும் திறன் கூடியது.

அப்போ பூஞ்சை கதிர்வீச்சை 'சாப்பிடுகிறதா'?

இங்கேதான் கவனம் தேவை. செடி சூரிய ஒளியை உணவாக்குவது போல, பூஞ்சை கதிர்வீச்சை ஆற்றலாக மாற்றலாம் என்பது ஒரு கருதுகோள். அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. செடி ஒளியைப் பயன்படுத்தி கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்கும் பாதை படிப்படியாகத் தெரியும். பூஞ்சையில் அப்படி ஒரு பாதையை யாரும் காட்டவில்லை. கதிர்வீச்சில் வேகமாக வளர்ந்தது என்பது வேறு, கதிர்வீச்சைத் தின்று வளர்ந்தது என்பது வேறு. மழையில் நனைந்தால் தகரக் கொட்டகையில் காளான் வளர்கிறது. அதனால் காளான் தகரத்தைத் தின்கிறது என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்று. உலைக்குள் கிடைத்த 'கிளாடோஸ்போரியம் ஸ்பேரோஸ்பெர்மம்' என்ற பூஞ்சை ஏதோ புது ஜந்து இல்லை. அதே இனம் உலகம் முழுக்க ஈரம் ஊறிய வீட்டுச் சுவர்களிலும் வளரும். வெயில், வறட்சி, குளிர் ஆகியவற்றைத் தாங்கவும் மெலனின் உதவும். ஆகவே அந்தக் கவசம் செர்னோபிலுக்காகப் புதிதாகச் செய்ததல்ல. கையில் இருந்த பழைய குடை புது மழைக்கும் உதவியிருக்கிறது.

விண்வெளிக்குப் போன பூஞ்சை

விண்வெளி வீரர்களுக்கு மிகப் பெரிய ஆபத்துகளில் ஒன்று கதிர்வீச்சு. அதனால் இந்தக் கிளாடோஸ்போரியத்தைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பி, 26 நாட்கள் வளர்த்துப் பார்த்தார்கள். ஒரு தட்டில் பாதியில் பூஞ்சை, மறுபாதியில் எதுவும் இல்லை. இரண்டுக்கும் கீழே அளவுமானி.

பூஞ்சை வளர்ந்த பக்கம் கதிர்வீச்சு சுமார் 2 சதவீதம் குறைவாகப் பதிவானது. படலத்தின் தடிமன் 2 மில்லிமீட்டருக்கும் குறைவுதான். "பூஞ்சை விண்வெளிக் கவசம் தயார்" என்று தலைப்புச் செய்திகள் வந்தன. 2 சதவீதம் என்பது நம்பிக்கை தரும் தொடக்கம், அவ்வளவே. ஆனால் யோசனை சுவாரஸ்யமானது: பூமியில் இருந்து ராக்கெட்டில் பல டன் கவசத்தைச் சுமப்பதற்குப் பதில், ஒரு சிட்டிகைப் பூஞ்சையைக் கொண்டுபோய் அங்கேயே வளர்க்கலாமே என்பதுதான் அது.

பச்சைத் தவளை கறுத்தது எப்படி?

2016இல் செர்னோபில் உலைக்கு அருகே சில மரத்தவளைகள் கன்னங்கரேல் என்று இருப்பதை ஸ்பெயினின் ஒவியேடோ பல்கலைக்கழக விஞ்ஞானி ஹெர்மான் ஒரிசாவோலா கவனித்தார். இந்த இனத்துத் தவளை வழக்கமாகப் பளிச்சென்ற பச்சை.

பிறகு அவரும் பாப்லோ புராகோவும் 12 குளங்களில் 200க்கும் மேற்பட்ட ஆண் தவளைகளை ஆராய்ந்தார்கள். தடைப் பகுதிக்குள் இருந்தவை, வெளியே இருந்தவற்றைவிடச் சராசரியாக 44 சதவீதம் கறுப்பாக இருந்தன. 2022இல் இது வெளியானது.

இதில் ஒரு துப்பறியும் கதை ஒளிந்திருக்கிறது. இன்றைக்குக் கதிர்வீச்சு அதிகமாக உள்ள குளத்துத் தவளைதான் அதிகக் கறுப்பு என்று பார்த்தால், அப்படி இல்லை. 1986இல் எங்கே கதிர்வீச்சு கடுமையாக இருந்ததோ, அங்கேதான் கறுப்பு அதிகம்.

இதன் அர்த்தம் என்ன? விபத்து நடந்த புதிதில் கதிரியக்கம் இப்போதைவிடப் பல மடங்கு. அயோடின்-131 போன்றவற்றின் வீரியம் 8 நாட்களுக்கு ஒருமுறை பாதியாகும், சில மாதங்களில் காணாமல் போய்விடும். சீசியம்-137 பாதியாகச் சுமார் 30 ஆண்டுகள் ஆகும். ஆக, பெரிய அடி விழுந்தது ஆரம்பத்தில். அந்த நாட்களில் பச்சைத் தவளைகளைவிடக் கறுப்புத் தவளைகள் அதிகம் பிழைத்திருக்க வேண்டும். 10 தலைமுறைகளுக்கு மேல் கடந்து, இன்று குளத்தில் கத்துபவை அவற்றின் வாரிசுகள். இது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். கறுப்பு நிறம் தவளையை நேரடியாகக் காப்பாற்றியது என்பதை இனிதான் சோதனையில் காட்ட வேண்டும். முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் கிட்டத்தட்ட தெரிகிறது, மூன்றாவது பாக்கி.

கைவிடப்பட்ட நாய்களின் பேரப்பிள்ளைகள்

1986இல் விட்டுச் செல்லப்பட்ட நாய்களைச் சுட்டுக்கொல்ல உத்தரவிடப்பட்டது. தப்பிப் பிழைத்தவற்றின் வாரிசுகள் இன்றும் அணுமின் நிலைய ஊழியர்கள் போடும் சாப்பாட்டில் வாழ்கின்றன.

2023இல் 302 நாய்களின் ரத்த மாதிரிகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. அணுமின் நிலையத்தில் வாழும் நாய்களும், வெறும் 15 கிலோமீட்டர் தள்ளி செர்னோபில் நகரில் வாழும் நாய்களும் மரபணு ரீதியாகத் தெளிவாக வேறுபட்டிருந்தன. உடனே "உருமாறிய நாய்கள்" என்று செய்தி பறந்தது.

ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை. இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாக இனம் பெருக்கினால், கதிர்வீச்சே இல்லாவிட்டாலும் இப்படி வித்தியாசம் வரும். அடுத்து, 2024 டிசம்பரில் வெளியான ஆய்வு நேரடியாக அந்தச் சந்தேகத்தையே சோதித்தது. நிலையத்து நாய்களில் மரபணுப் பிறழ்வு கூடியதற்கான ஆதாரம் கிடைக்கவில்லை. நாய்க் கதையில் இரண்டாவது கேள்வியிலேயே செய்தி தடுக்கி விழுகிறது.

ஓநாய் பெருகியது கதிர்வீச்சாலா?

2015இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு பலரையும் ஆச்சரியப்படுத்தியது. பெலாரஸ் பக்கத் தடைப் பகுதியில் மான்கள், காட்டுப்பன்றிகளின் எண்ணிக்கை கதிரியக்கமே இல்லாத மற்ற சரணாலயங்களுக்கு இணையாக இருந்தது. ஓநாய்களோ 7 மடங்குக்கு மேல்! லின்க்ஸ் எனும் காட்டுப்பூனை இனமும் பழுப்புக் கரடியும் திரும்பி வந்திருக்கின்றன. 1998 முதல் கொண்டுவந்து விடப்பட்ட சுமார் 30 பிரஸ்வால்ஸ்கி குதிரைகள் இன்று 100ஐத் தாண்டிவிட்டன. உலகில் அரிதாகிப்போன காட்டுக் குதிரை இனம் இது.

கதிர்வீச்சு நல்லது என்று இதற்கு அர்த்தமா? இல்லவே இல்லை. வேட்டை இல்லை, விவசாயம் இல்லை, மரம் வெட்டுவதில்லை, வண்டி ஓடுவதில்லை. மனிதர்கள் அன்றாடம் செய்யும் வேலைகள், உலகின் மிக மோசமான அணு விபத்தைவிடக் காட்டு விலங்குகளைக் குறைத்து வைத்திருந்தன என்பதுதான் இந்தக் கணக்கு சொல்லும் கசப்பான செய்தி. ஓநாய்களின் புற்றுநோய் எதிர்ப்புத் திறன் குறித்து அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் முதற்கட்டத் தகவல்களை ஒரு மாநாட்டில் வைத்தார்கள். "செர்னோபில் ஓநாய்க்குப் புற்றுநோயே வராது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது அதன் ஊதிப் பெருக்கிய வடிவம்.

அப்படியென்றால் பாதிப்பே இல்லையா?

இருக்கிறது. எண்ணிக்கை கூடியதாலேயே ஒவ்வொரு விலங்கும் நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

பறவைகள்: செர்னோபில் தகைவிலான் குருவிகளின் இறகில் வெள்ளைத் திட்டுகள் அதிகம் காணப்பட்டன. 48 வகைகளைச் சேர்ந்த 550 பறவைகளை ஆராய்ந்த 2011 ஆய்வு, கதிர்வீச்சு அதிகமான இடங்களில் மூளை சராசரியாக 5 சதவீதம் சிறிதாக இருந்ததாகக் கூறியது. இந்த ஆய்வுகளில் கதிர்வீச்சை அளந்த முறை பற்றி விஞ்ஞானிகளுக்குள் வாக்குவாதம் உண்டு. அதேசமயம் 2014இல் 16 வகைப் பறவைகளை ஆராய்ந்த வேறோர் ஆய்வு, சில பறவைகளில் உயிரணுவைக் காக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் கூடி, டி.என்.ஏ. சேதம் குறைந்திருப்பதைக் கண்டது. செம்பழுப்பு நிறமியை அதிகம் தயாரிக்கும் பறவைகளுக்கு இந்த லாபம் கிடைக்கவில்லை. அந்த நிறமியைச் செய்யவும் குளுட்டாதயோன்தான் செலவாகிறது. இறகுக்குச் செலவழித்தால் பாதுகாப்புக்குக் கையிருப்பு இல்லை.

புழுக்கள்: 2019இல் செர்னோபில் மண்ணில் எடுத்த நுண்புழுக்களின் மரபணுத் தொகுதியை, மற்ற நாடுகளின் அதே இனப் புழுக்களோடு ஒப்பிட்டார்கள். 2024இல் வெளியான முடிவு: செர்னோபில் புழுவில் கதிர்வீச்சுக் காயத்தின் தடயம் தெரியவில்லை. கூடுதல் தாங்கும் சக்தியும் இல்லை.

காளான்: பூஞ்சையின் இன்னொரு முகமும் இருக்கிறது. காட்டுக் காளான்கள் மண்ணில் இருந்து சீசியத்தை உறிஞ்சிச் சேர்த்து வைக்கும். தெற்கு ஜெர்மனியில் மான் இறைச்சியில் சீசியம் குறைந்துகொண்டே வந்தும், காட்டுப்பன்றி இறைச்சியில் மட்டும் குறையாமல் இருந்தது. காரணம், பன்றி மண்ணைக் கிளறித் தின்னும் நிலத்தடிப் பூஞ்சை. அதில் செர்னோபில் சீசியத்தோடு, அதற்கு முந்தைய அணுகுண்டு சோதனைகளின் சீசியமும் இருந்ததை 2023 ஆய்வு காட்டியது. பூஞ்சை எல்லாம் கதிர்வீச்சை 'சுத்தம்' செய்துவிடும் என்று நம்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பூஞ்சை கதிரியக்கத்தை அழிப்பதில்லை. ஓரிடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்கு, சில சமயம் சாப்பாட்டுத் தட்டுக்கே மாற்றும்.

ஒரே பார்வையில்

- நீல நாய்: கதிர்வீச்சுக்குத் தொடர்பில்லை.
- கறுப்புப் பூஞ்சை: மெலனின் கவசம் உண்மை. கதிர்வீச்சை நோக்கி வளர்ந்தது உண்மை. 'சாப்பிடுகிறது' என்பது நிரூபிக்கப்படாத கருதுகோள்.
- கறுத்த தவளை: தகவமைப்புக்கான வலுவான அறிகுறி. இறுதிச் சான்று பாக்கி.
- நிலையத்து நாய்கள்: மரபணு வித்தியாசம் உண்டு. அது கதிர்வீச்சால் என்பதற்கு ஆதாரம் இல்லை.
- ஓநாய்ப் பெருக்கம்: முதன்மைக் காரணம் மனிதர் இல்லாதது.

இது ஏன் முக்கியம்?

இந்தக் கதையை இரண்டு தரப்பும் தனக்குச் சாதகமாக வளைக்கிறது. "இரண்டு தலைக் கன்று, ராட்சத மீன்" என்று பயம் காட்டுவது ஒரு பக்கம். "பாருங்கள், காடே செழித்துவிட்டது, கதிர்வீச்சு ஒன்றும் செய்யாது" என்பது மறுபக்கம். இரண்டுமே தவறு. ஒரு தவளைக் கூட்டம் தாக்குப்பிடித்தது என்றால், தாங்க முடியாத தவளைகள் வாரிசில்லாமல் செத்துப்போயின என்று அர்த்தம். பரிணாமம் விலை வாங்காமல் எதையும் கொடுப்பதில்லை. மனிதர்கள் ஆண்டுக்குப் பல ஆயிரம் குஞ்சு பொரிப்பவர்கள் இல்லை. ஒரு குழந்தைக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தால் அது நமக்குப் புள்ளிவிவரம் ஆகாது.

இப்போது செர்னோபிலுக்கே வேறொரு ஆபத்து. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் அந்த இடத்தைக் கைப்பற்றிச் சில வாரங்கள் வைத்திருந்தன. 2025 பிப்ரவரி 14 அன்று ஒரு ட்ரோன் தாக்கி, உலையை மூடியிருக்கும் பிரம்மாண்ட வளைவுக் கூரையில் ஓட்டை விழுந்தது. காட்டில் கண்ணிவெடி பயம். தவளைக் குளங்களுக்கும் ஓநாய்த் தடங்களுக்கும் முன்புபோல ஆய்வாளர்கள் போக முடிவதில்லை.

சுமார் 40 ஆண்டுகளாக அந்தக் காட்டைக் காப்பாற்றியது மனிதர்கள் அங்கே இல்லாததுதான். இப்போது மனிதர்கள் திரும்ப வந்திருக்கிறார்கள், ஆயுதங்களோடு. அதற்கு எந்தத் தவளையும் இன்னும் தகவமைத்துக்கொள்ளவில்லை.